எங்கடை ஆளோ?

பல்லரோச் சந்தையின் மீன் கடைகளைத் தாண்டித் திரும்பினால் பிருந்தாபனின் போன் கடை. பொலிதேயாமாப் பக்கத்தில் தன் இத்தாலிய எசமானி சிஞ்ஞோராவின் வீட்டு வேலையை முடித்துக்கொண்டு மத்தியானம் பரமேஸ்வரி அங்கே வந்தாள். கண்ணாடி வெடித்த பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்க வேண்டும்.

"அக்கா, இதிலை கிடக்கிற எல்லாத்தையும் அழிக்கட்டோ?"

"பொறுங்கோ தம்பி. ஒரு வொய்ஸ் மெசேஜ் கிடக்கு."

பிருந்தாபன் அதைத் தட்டினான். ஒரு ஆணின் குரல் அவசரமாகப் பேசியது. "அக்கா, காணிக் கம்பனி ஆக்கள் போலை, வெள்ளைப் பிக்கப் ஒண்டு வாசல்லை நிக்குது. நம்பரைச் சொல்லுறன், எழுதி வையுங்கோ..."

பேசியவன் மாமாங்கம். ஊரில் வாகரைப் பக்கத்து வேடர் குடியில் பிறந்தவன், பரமேஸ்வரிக்கு அயலூர். காட்டை வேலி போட்டு அடைத்த கம்பனிக்கு எதிராகச் சனத்தைக் கூட்டியவன். இந்தச் செய்தி வந்த மறுநாள் குளக்கரையில் பிணமாகக் கிடந்தான். யானை அடித்தது என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். அவனுடைய போன் கிடைக்கவே இல்லை. அதுவும் யானையோடு போய்விட்டதா என்று கேட்க ஒரே ஒருத்திதான் இருந்தாள், அவன் மனைவி அருள்நாயகி. கடைசியாக அவனைத் தேடி வந்தது யார் என்று மூன்று வருடமாகக் கேட்கிறாள். பரமேஸ்வரியிடமும் கேட்டாள். "எனக்கு ஒண்டும் தெரியாது" என்று சொல்லிவிட்டாள் பரமேஸ்வரி. ஊரில் தம்பி குடும்பம் இருக்கிறதே என்ற பயம். பயம் மட்டும்தானா என்றால், இல்லை.

அவன் செத்த கதையைப் பரமேஸ்வரி சொன்னதும், "செத்தது எங்கடை ஆளோ?" என்றான் பிருந்தாபன்.

"இல்லை. வேடர்."

"அப்ப உங்களுக்கேன் தேவையில்லாத வேலை? அழிச்சுப்போட்டு நிம்மதியா இருங்கோ."

மூன்று வருடமாக அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தைகள். இன்னொருவர் வாயில் கேட்டபோது சீயென்று இருந்தது.

"எங்கடை காணிக்கும் சேர்த்துத்தான் தம்பி அவன் போய்க் கத்தினவன். நீங்கள் ஆரின்ரை ஆக்கள் எண்டு அவன் எங்களைக் கேக்கேல்லை."

போனை வாங்கி, அந்தச் செய்தியை அருள்நாயகிக்கு அனுப்பினாள். பதில் வர இருபது நிமிடம் ஆயிற்று. "இதை மூணு வருசமா வச்சிருந்தீங்களா அக்கா?" வேறு ஒன்றும் இல்லை.

பரமேஸ்வரி கதிரையில் இருந்துவிட்டாள்.

"இனிக் கொலைகாரரைப் பிடிச்சிடுவாங்களோ அக்கா?" என்று கேட்டான் பிருந்தாபன்.

"தெரியாது. ஆர் வந்தது, ஆர் அனுப்பினது, ஒண்டும் தெரியாது. ஆனா அவங்களை மூண்டு வருசம் ஒளிச்சு வைச்சிருந்தது நான்தான். செத்தது எங்கடை ஆளோ எண்டு பார்த்து வாயை மூடுற எல்லாரும் கொலைகாரன்ரை ஆக்கள்தான், தம்பி."