யூஜினியாவின் பத்து நிமிடம்

என் மனைவி யூஜினியா காரைக்குடி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தாள். 1996 ஜூன் மாதத்திலிருந்து ஞாயிறுதோறும் காலை பதினொரு மணிக்கு எங்கள் ஊர்க் கேபிளில் பத்து நிமிடம் நடித்துக் காட்டிக்கொண்டும் இருந்தாள். இரண்டும் ஒரே வேலைதான் என்பாள். பூத்துக்கு வருகிறவர்கள் கண்ணாடிக் கதவைச் சாத்தியதும் வெளியே யாருக்கும் கேட்காது என்று நம்பிவிடுவார்கள். சிங்கப்பூர் தூரம் என்பதால் தொண்டை வற்றக் கத்துகிற பெரியவர், மெட்ராஸ் பக்கம்தானே என்று சத்தத்தைக் குறைத்துக்கொள்கிறவர், 'நல்லாருக்கீகளா' என்று அந்த வீட்டில் பத்துப் பேரையும் கேட்டுவிட்டு, கூப்பிட்ட விஷயத்தைச் சொல்லாமலே போனை வைத்துவிடுகிற ஆச்சி. எல்லோரும் அவளுக்குள் போய் உட்கார்ந்துகொள்வார்கள். பெயரை மாற்றி, ஊரை மாற்றி, ஞாயிற்றுக்கிழமை வெளியே விடுவாள்.

நான் பள்ளத்தூரில் ஒரு பள்ளி அலுவலகத்தில் எழுத்தர். அவள் சொல்லச் சொல்ல வசனத்தை எண் போட்டு முழுத்தாளில் எழுதுவதும், என் அண்ணன் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த வீடியோ கேமராவைப் பிடிப்பதும் என் பொறுப்பு. ஒரே கேமரா, ஒரே நடிகை. ஆச்சியாக நின்று கேட்பாள். நான் கேமராவை நிறுத்துவேன். உள்ளே போய்த் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வந்து, எதிர்ப்பக்கம் நின்று பெரியவராகப் பதில் சொல்வாள். ஓடவிடுவதற்கும் நிறுத்துவதற்கும் ஒரே பொத்தான். ஒருமுறை அமுக்கினால் ஓடும், மறுமுறை அமுக்கினால் நிற்கும்.

அடுத்த வருடம் அக்டோபரில் கேபிள்காரர் அழகுசுந்தரம் பூத்துக்கு வந்தார். அன்று நானும் அங்கே இருந்தேன்.

"அக்கா, மனசுல வச்சுக்கிறாதீக. பாட்டுப் போட்டா எங்க ஆபீசுக்குப் போன் வருது. உங்க நிகழ்ச்சிக்கு ரெண்டு மாசமா ஒரு போன் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமையோட நிறுத்திக்கிருவோம்."

"ஏன் தம்பி, நல்லா இல்லையா?"

"மொதல்ல நல்லா இருந்துச்சுக்கா. இப்ப பேப்பரப் பாத்து வாசிக்கிற மாதிரி இருக்கு."

யூஜினியா என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருக்கலாம். ஒரு வார்த்தை பிசகினாலும் மறுபடி எடுக்க வைத்தது நான்தான்.

"இந்த வாரம் இருபது போன் வந்தா?" என்று கேட்டாள்.

"வரட்டும், பாப்போம்" என்றார் அழகுசுந்தரம், மொபெட்டை மிதித்துக்கொண்டே.

அந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் முதல் பூசை முடிந்து வந்து, எட்டரை மணிக்கு வீட்டுக் கூடத்தில் எடுக்க ஆரம்பித்தோம். ஒன்பது மணிக்குக் கரண்ட் போய்விட்டது. கேமராவில் பாட்டரி இருந்ததால் எடுத்து முடித்துவிட்டோம். டிவியில் போட்டுப் பார்க்கத்தான் வழியில்லை. பத்து மணிக்கு அழகுசுந்தரம் வந்து டேப்பை வாங்கிப் போனார். பதினொரு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கரண்ட் வந்தது.

டிவியில் முதலில் தெரிந்தது எங்கள் வீட்டு வெறும் சுவர். பிறகு என் குரல்.

"யூஜி, நாலாம் நம்பர் வசனத்த விட்டுட்டு அஞ்சுக்குப் போயிட்ட."

தொடக்கத்தில் பொத்தானை ஒருமுறை கூடுதலாக அமுக்கியிருக்கிறேன். அவள் நடித்தபோதெல்லாம் கேமரா நின்றிருக்கிறது, நடிக்காதபோதெல்லாம் ஓடியிருக்கிறது.

புருவ மையால் மீசை வரைந்துகொண்டு, சேலையும் பாதி கட்டிய தலைத்துண்டுமாக யூஜினியா திரையில் வந்தாள். "ஆச்சி என்ன வரிசையாவா பேசும்? இது என்ன உங்க ஆபீஸ் ஃபைலா?"

"எழுதினது எழுதினபடி இருக்கணும்ல?"

"இருங்க, நீங்க எப்பிடி இருக்கீகன்னு காட்டுறேன்." தாளைக் கை நீட்டிப் பிடித்து, இல்லாத மூக்குக்கண்ணாடியை இறக்கி, இரண்டு தரம் தொண்டையைச் செருமினாள். "பொருள்: சிரிப்பு வரவழைத்தல் தொடர்பாக. பார்வை: தங்கள் மூஞ்சி."

"யூஜி, பால் பொங்குது!"

"அதுக்கு என்ன நம்பர்?"

அடுப்படிக்கு ஓடினாள். திரும்பி வந்து நிமிர்ந்து நின்றாள். "ஓடுது, ஆரம்பி" என்றது என் குரல். அந்த இடத்தில் படம் வெட்டுப்பட்டு, மறுபடியும் வெறும் சுவர்.

டிவியை அணைக்க எழுந்தேன். "தொடாதீக" என்றாள். அவள் முகம் வெளுத்திருந்தது. பத்து நிமிடமும் பார்த்தோம்.

பன்னிரண்டு மணிக்கு அழகுசுந்தரம் வாசலில் நின்றார். "அக்கா, போனக் கீழ வைக்க முடியல. நாப்பத்திமூணு! ரெண்டு பேரு கதை எங்கேன்னு திட்டுனாக. மத்த எல்லாரும், அந்தப் பேப்பர்காரரு யாரு, மூஞ்சியக் காட்டுங்கங்கிறாக. அடுத்த வாரம் சாரும் வந்து நிக்கட்டும்."

"நான் பள்ளிக்கூடத்துல வேல பாக்குறவன்" என்றேன்.

"அப்பப் பழைய மாதிரிதான் வரும். அதுக்குப் பாட்டே போட்டுறலாம் சார்."

"வேணாம் தம்பி" என்றாள் யூஜினியா. "அவுகளப் பாத்து ஆபீஸ்ல நாலு பேரு சிரிச்சா அவுகளால தாங்க முடியாது. பாட்டே போடுங்க." சொல்லிவிட்டு உள்ளே போனாள். மதியம் சாப்பிடும்போதும் மீசை அழியாமலே இருந்தது.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் மெய்யநாதன் அழைப்பதாக ஆள் வந்தது. போனேன். போன வாரம் நான் கொடுத்த விடுப்புக் கடிதத்தைக் கை நீட்டிப் பிடித்தார். இரண்டு தரம் செருமினார்.

"பொருள்?" என்றார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார். இருபது வருடத்தில் அந்த மனிதர் சிரித்து நான் பார்த்ததில்லை. எதற்குப் பயந்தேனோ அது என் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"எங்க வீட்டுக்காரிக்கு என் மேல இருந்த கோவத்தையெல்லாம் உம்ம சம்சாரம் பேசித் தீத்துட்டாங்களாம்" என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "அடுத்த ஞாயித்துக்கிழமை வருவீகல்ல?"

"வருவேன் சார்."

மாலையில் பேருந்தைவிட்டு இறங்கி நேராகப் பூத்துக்குப் போனேன். யூஜினியா யாருக்கோ எண்ணை அழுத்திக்கொண்டிருந்தாள்.

"அழகுசுந்தரத்துக்கும் ஒரு போன் போடு. ஞாயித்துக்கிழமை நானும் நிக்கிறேன்."

கையிலிருந்த ரிசீவரை அப்படியே வைத்துவிட்டாள். "எழுதிக்கிட்டு வருவீகளா?"

"எழுத மாட்டேன்."

"பயமா இருக்கா?"

"இருக்கு."

"அப்பச் சரி. அங்குட்டுத் தள்ளி நில்லுங்க, கேமராவுக்கு உங்க மூஞ்சி எந்தப் பக்கம் நல்லா இருக்குன்னு பாக்கணும்" என்றாள். லைனுக்காகக் காத்திருந்தவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார். நான் தள்ளி நின்றேன்.