தாடி வைத்த சக்களத்தி

எனக்கு ஒரு சக்களத்தி இருந்தார். தாடி வைத்த ஆண். நான் ஒருத்தி உலகத்தில் இருப்பதே அவருக்குத் தெரியாது; ஆனாலும் என் குடித்தனத்தில் பாதியைத் தூக்கிக்கொண்டு போனவர். அவர் இறந்த செய்தி வந்தபோது நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒருவரின் பிரேமைச் சூடு காட்டி வளைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணாடி என் கையில் இருந்ததால் அந்த மனிதர் போனை மூக்கோடு ஒட்டிவைத்துப் படித்தார். "அந்தப் பாட்டுக்காரர் போயிட்டாராம்மா. கிட்டாரை மடியில வச்சுக்கிட்டு மெதுவாப் பாடுவாரே, அவர்தான். தூக்கத்துலயே போயிட்டாராம்."

சொல்லும்போதே அவர் கண் கலங்கிவிட்டது. அரை நாள் லீவு கேட்டால் அரை மணி நேரம் பிரசங்கம் செய்கிற எங்கள் முதலாளிகூட அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். நான் கிளம்பவேண்டும் என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் தலையாட்டினார்.

இவர் அன்றைக்கு ஒரு பேக்கரியின் பின்கட்டில் வேலையாக இருந்தார். இவர் என்றால் என் வீட்டுக்காரர், ஃப்ரிட்ஜ் மெக்கானிக். நான் போனபோது பெரிய குளிர்பெட்டி ஒன்றின் முதுகைத் திறந்துவைத்து, செம்புக் குழாயில் சோப்பு நுரையைத் தடவி, எங்கே குமிழ் வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார். கேஸ் ஒழுகும் இடத்தில் நுரை கொப்பளிக்கும். ஒரு மூட்டில் பட்டாணி பட்டாணியாகக் கொப்பளித்துக்கொண்டுதான் இருந்தது. இவர் அதையே பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார்.

"கேள்விப்பட்டியா?" என்றார்.

அந்தக் குரலில்தான் கேட்டார். செத்துப்போன மனிதரின் குரலில்.

இதை நான் விளக்கியாக வேண்டும். வாரநாட்களில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கான இவர், சனி ஞாயிறுகளில் அந்தப் பாடகராக மாறிவிடுவார். அதே தாடி, அதே காப்பிக்கொட்டை நிறக் கோட்டு, அதே மாதிரி தலையைக் குனிந்துகொண்டு, வார்த்தையின் கடைசிப் பாதியை மூச்சாகவே விட்டுவிடும் அதே பாட்டு. ஓட்டல்களில், கம்பெனி விருந்துகளில் கூப்பிடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் வித்தியாசமே தெரியாது என்பார்கள். ரசிகர்கள் இவருக்கு வைத்த பெயர் ஜெராக்ஸ். பிரியமாகத்தான் வைத்தார்கள். எனக்குத்தான் ஒவ்வொரு முறையும் வயிறு எரியும்.

ஆரம்பத்தில் அந்தக் குரல் மேடையோடு நின்றது. பிறகு மெல்ல வீட்டுக்குள் வந்து காலை நீட்டிப் படுத்துக்கொண்டது. "பால் பொங்குது, அடுப்பை அணை" என்று சொன்னால் காதலி ரயிலேறிப் போய்விட்ட மாதிரி இருக்கும். "மோட்டார் போட்டியா?" என்று கேட்டால் எனக்கே கண்ணைத் துடைத்துக்கொள்ளத் தோன்றும். இவரோடு சண்டைபோடக்கூட முடியாது. அத்தனை சோகமான குரலை எப்படித் திட்டுவது?

இவருடைய சொந்தக் குரல் அப்படி இருக்காது. கொஞ்சம் மூக்கால் வரும். அவசரப்படும். ஒரு வார்த்தை முடிவதற்குள் அடுத்தது வந்து முட்டும். அந்தக் குரலை நம்பித்தான் நான் கழுத்தை நீட்டினேன். அதைக் கேட்டு எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. அருகிலேயே இருக்கிற ஒருவருக்காக ஏங்குவது என்ன மாதிரி அவஸ்தை என்று யாரிடம் சொல்ல முடியும்? சொன்னால் கொழுப்பு என்பார்கள்.

அந்தச் சொந்தக் குரல் இருந்த காலத்தில் இவர் எனக்காக ஒரு பாட்டு எழுதியிருந்தார். கல்யாணமான புதிதில் எனக்குக் காலை ஷிப்ட், இவருக்கு ஐஸ் கிடங்கில் இரவு ஷிப்ட். நான் இறங்கும்போது இவர் ஏறுவார். மாடிப்படியின் நடுவில் ஒரு நிமிஷம் பார்த்துக்கொள்வோம், அவ்வளவுதான் தாம்பத்யம். அப்போது எழுதினது. *நீ எழுந்த இடத்தில் நான் படுக்கிறேன், உன் சூடு ஆறும் முன்னே தூங்கவேண்டும்* என்று தொடங்கும். ஒருநாள் காய்ச்சலில் நான் வேலைக்குப் போகாமல் படுத்திருந்தபோது, என் தலைமாட்டில் உட்கார்ந்து பாடிக்காட்டினார். மேடையில் பாடுங்கள் என்று நானும் கெஞ்சினேன், மிரட்டினேன், பட்டினிகூடக் கிடந்தேன். காதில் போட்டுக்கொள்ளவே மாட்டார். "ஜெராக்ஸ்கிட்ட யாரு சொந்தக் கையெழுத்தைக் கேக்குறாங்க?" என்பார்.

பேக்கரியில் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். கச்சேரி பிடித்துத் தரும் புரோக்கரிடமிருந்து போன் வந்தது. மூன்று மாதத்துக்குத் தேதி நிரம்பிவிடும், எல்லா இடத்திலும் அஞ்சலிக் கச்சேரி கேட்கிறார்கள், ரேட்டை ஏற்றிக்கொள்ளலாம் என்றார். இவர் போனை அணைத்துவிட்டார்.

"ஒரிஜினல் இருந்தாத்தானே ஜெராக்ஸ்?" என்றார் என்னிடம். "இனிமே நான் யாரோட காப்பி? ஞாயித்துக்கிழமை ரசிகருங்க கூடுறாங்க. அவங்களுக்காக ஒரு தடவை பாடிட்டு விட்டுடுறேன்."

ஒரு நல்ல மனுஷன் செத்துக் கிடக்கிறார். எனக்கோ நெஞ்சுக்குள் சந்தோஷம். வெட்கமாகத்தான் இருந்தது, அதற்காக இல்லையென்று ஆகிவிடுமா? இனி இவர் தன் குரலுக்குத் திரும்பித்தானே ஆகவேண்டும், வேறு போக்கிடம் ஏது என்று நினைத்தேன். ஒழுகுகிற மூட்டைக் காட்டி, "முதல்ல இதை அடைங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒரு பேட்மின்டன் கூடத்தில் கூடினார்கள். வலையைக் கழற்றிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். பாடகரின் படத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் நடுவர் உட்காரும் உயர நாற்காலியில் ஏற்றி வைத்திருந்தார்கள். அங்கிருந்து அவர் எங்கள் எல்லாரையும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ரசிகர் மன்றத்தின் செயலாளரம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். தனிக்கட்டை. பிள்ளைகளை இறக்கிவிட்டுக் காலி வேனைத் திருப்பி ஓட்டிவரும்போது அந்தப் பாடகரின் பாட்டைத் தவிர வேறு எதையும் கேட்டதில்லை என்பார். அன்றைக்கு அவர்தான் எல்லாருக்கும் டீ ஊற்றினார். கண் படத்தின் மேலேயே இருந்ததால் பாதி டீ தட்டில் கிடந்தது.

"இத்தனை வருஷமா அவரு ஒரு புதுப்பாட்டும் தரலையே தம்பி," என்று இவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். "எங்களை மறந்துட்டாரோன்னு இருந்துச்சு. எதாவது எழுதிக்கிட்டு இருந்திருப்பாரா?"

இவர் கோட்டுப் போடவில்லை. வேலைக்குப் போகும் சட்டையோடுதான் உட்கார்ந்து பாடினார். எல்லாருக்கும் மனப்பாடமான பாட்டுகள்தான். முதல் பாட்டிலேயே பாதிப் பேர் அழுதுவிட்டார்கள். பல் டாக்டரிடம் நர்ஸாக இருக்கும் பெண் ஒருத்தி கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டாள். நான் மட்டும் கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு," என்றார் செயலாளரம்மா. "எதுவா இருந்தாலும் சரி."

இவர் கிட்டாரின் ஒரு தந்தியை முறுக்கினார். பிறகு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையிலேயே எனக்குப் புரிந்துவிட்டது. *நீ எழுந்த இடத்தில் நான் படுக்கிறேன்* என்று தொடங்கினார்.

ஆனால் அந்தக் குரலில். என் பாட்டு, என் படிக்கட்டு, என் கட்டில், எல்லாம் அந்தத் தாடிக்காரர் குரலில். கைக்கு எட்டினது வாய்க்கு எட்டவில்லை.

முடிந்ததும் வருமானவரி ஆபீஸ் குமாஸ்தா ஒருவர் மெல்லக் கேட்டார். "இது எந்த ஆல்பத்துல வந்துச்சு?"

"எதுலயும் இல்ல," என்றாள் நர்ஸ். "எனக்கு எல்லாமே அத்துப்படி. இது வெளிய வராத பாட்டு."

"நம்ம ஜெராக்ஸ் அண்ணன் ஒரு தடவை அவரை நேர்ல பாத்துப் பேசியிருக்கார்ல? மேடைக்குப் பின்னாடி? அப்ப குடுத்திருப்பாரு," என்றார் பின்வரிசையில் ஒருவர்.

கூடம் முழுக்க அது தீ மாதிரி பரவியது. ஆளாளுக்குச் சேர்த்துச் சேர்த்துப் பேசினார்கள். பாடகருக்கு யாரோ ஒரு ரகசியக் காதலி இருந்திருக்கிறாள் என்று முடிவாயிற்று. "பாவம் அந்தப் பொண்ணு," என்றாள் நர்ஸ். "இன்னைக்கு அவளால வாய்விட்டு அழக்கூட முடியாது." பாவப்பட்ட அந்தப் பெண் அப்போது பிஸ்கட்டை டீயில் தோய்த்துக்கொண்டிருந்தாள்.

செயலாளரம்மா மட்டும் ஊகத்தில் சேரவில்லை. நேராக வந்து இவர் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். முகம் வெளிச்சமாக இருந்தது. "நம்மள மறக்கல பாருங்க தம்பி. கடைசியா ஒண்ணு வச்சிட்டுத்தான் போயிருக்காரு. அவரோடதுதானே?"

இவர் அந்த முகத்தைப் பார்த்தார். எனக்கு என் வீட்டுக்காரரைத் தெரியாதா? தூக்கிக் கொடுக்கப்போகிறார் என்று தெரிந்துவிட்டது. "ஆமாம்மா, அவரு..." என்று ஆரம்பித்தார்.

"இல்ல," என்றேன் நான். "அது இவர் எழுதின பாட்டு."

எல்லாரும் திரும்பினார்கள். குமாஸ்தா தர்மசங்கடத்தோடு, "அண்ணி, இன்னைக்குப் போய் இப்படிப் பேசவேண்டாமே" என்றார். "பாட்டு அப்படியே அவர் பேசுற மாதிரி இருக்கு. எங்களுக்குத் தெரியாதா அவர் குரல்?"

"குரல் அவரோடது. பாட்டு இவரோடது. அந்தப் பொண்ணு நான்." சொல்லிவிட்டு எழுந்து நின்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார்கள். யாரும் நம்பவில்லை. கனவில் வருகிறவள் மாதிரியா இருக்கிறேன் நான்?

இவரிடம் போனேன். "உங்க குரல்ல பாடிக் காட்டுங்க."

"எனக்கு அது எங்க இருக்குன்னே தெரியலடி," என்றார். அதையும் அந்தக் குரலில்தான் சொன்னார். ஆனாலும் முயன்றார். முதல் வரியிலேயே மூச்சு கடைசிப் பாதியைத் தின்றது. நிறுத்தி மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. வந்த ஆத்திரத்தில் நானே பாட ஆரம்பித்துவிட்டேன். என் பாட்டுக்குத் தகர டப்பாவே தேவலை. இரண்டாவது வரியில் கண்டபடி மேலே ஏறிவிட்டேன்.

"அய்ய, அங்க ஏன் ஏறுறே, சமமாப் போ, சமமா, இப்படி..." என்றார் இவர்.

மூக்கால். அவசரமாக. ஒரு வார்த்தை இன்னொன்றின் காலை மிதித்துக்கொண்டு.

அதே எரிச்சலோடு அந்த வரியைப் பாடிக்காட்டினார். நான் வாயை மூடிக்கொண்டேன். இவர் நிறுத்தவில்லை. அடுத்த வரி, அதற்கடுத்த வரி என்று போனார். பெரிய குரல் இல்லை. சில இடத்தில் சுருதியே தள்ளாடியது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இருபத்து நாலு வயசுக்காரி மாதிரி படிக்கட்டில் நின்றுகொண்டிருந்தேன்.

பாட்டு முடியும்போது மூன்று நான்கு பேர் டீ கெட்டில் பக்கம் போயிருந்தார்கள். குமாஸ்தா மரியாதைக்குத் தலையாட்டினார். செயலாளரம்மா மட்டும் தரையை விட்டு அசையவில்லை. அந்த வெளிச்சம் போய்விட்டிருந்தது.

"இது அவர் எழுதினது இல்ல," என்றார்.

"இல்லம்மா," என்றார் இவர்.

"நல்ல பாட்டு தம்பி. குடுத்து வச்சவங்க நீங்க," என்று என்னைப் பார்த்துச் சிரிக்கக்கூடச் செய்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "கொஞ்ச நேரம் அவர் இன்னும் இருக்காருன்னு நெனச்சுட்டேன். அவ்வளவுதான்."

நான் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எனக்கு என்னுடையது கிடைத்துவிட்டது, அவரிடமிருந்து பிடுங்கித்தான் கிடைத்தது. அவர் என் கையைப் பிடித்தார். "தப்பா நெனைக்காதீங்க. ஒரே ஒரு தடவை, அந்தக் குரல்ல பாடச் சொல்றீங்களா? எந்தப் பாட்டானாலும் சரி. கேட்டுட்டு வீட்டுக்குப் போயிடுறேன்."

இவர் என்னைப் பார்த்தார். ஒரு குரலுக்காக ஏங்குவது என்னவென்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திரும்பவும் அந்தக் குரல் என் வீட்டிலேயே தங்கிவிடுமோ என்று பயமாகத்தான் இருந்தது. இருந்தாலும், "பாடுங்க" என்றேன்.

இவர் கிட்டாரைச் சரிசெய்துகொண்டார். எப்போதும்போலத் தலையைக் குனிந்து கண்ணை மூடி, பாடகரின் பழைய பாட்டு ஒன்றின் முதல் வார்த்தையைப் பாடினார். மூக்கால் வந்தது. தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி தொடங்கினார். தாடையை இறக்கிப் பார்த்தார். மூச்சை இழுத்து மெதுவாக விட்டுப் பார்த்தார். செயலாளரம்மா என் கையை இறுக்கிக்கொண்டு காத்திருந்தார். கெட்டில் பக்கம் போனவர்கள்கூடத் திரும்பி நின்றார்கள்.

இவர் கண்ணைத் திறந்தார்.

"வரலம்மா," என்றார். செய்தி வந்த நாளிலிருந்து ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத மனிதர், கிட்டாரின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார். "போயிட்டாரும்மா. நெஜமாவே போயிட்டாரு."

இத்தனை வருடம் நான் ஏங்கிக் கிடந்த குரல் அது. திரும்பி வந்ததும் விம்மி விம்மி அழுதது, அதைக் கேட்க முடியாமல் நானும் அழுதேன்.