மோட்டார் ஓடும் நேரத்தில் ஒரு படம்

"படத்த பகல்லயே போடுங்க பாய். மோட்டார் ஓடற நேரத்துல," என்றாள் தீர்த்தம்மாள்.

நசீருதீனுக்கு விளங்கவில்லை. தருமபுரியில் ரேடியோ பழுது பார்க்கும் அவர், ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் புரொஜெக்டரை ஊர் ஊராகக் கொண்டுபோய் விவரணப் படங்கள் காட்டிவந்தார். பகலில் எல்லாக் கிணற்று மோட்டார்களும் ஓடும், வோல்டேஜ் படுத்துவிடும், படம் மங்கி, பேச்சு இழுக்கும்.

"இண்டூர்ல பகல்ல படம் போட்டு நான் பட்ட அவமானம் பத்தாதாம்மா?"

"அதப் பாத்துட்டுத்தான் உங்களக் கூப்பிடறேன்."

ஊர்க் குடிநீர்க் கிணற்றைச் சுற்றி ஐந்து தோட்டக் கிணறுகள். கோடையில் காலை பத்து மணிக்கு மேல் ஊர்க் கிணற்றில் சேறுதான் வரும். தினம் இரண்டு மணி நேரம் மோட்டார்களை நிறுத்தும்படி மாதர் சங்கத்தின் பேரில் இரண்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள் தீர்த்தம்மாள். தோட்டக்காரர்கள் சோதித்தும் பார்த்தார்கள். ஒரு நாள் காளியப்பன் நிறுத்தினார், மறுநாள் குப்புராஜ், அப்புறம் மற்றவர்கள், ஆளுக்கொரு நாள். ஊர்க் கிணற்றின் நீர்மட்டம் அசையவில்லை. என் மோட்டாருக்கும் அந்தக் கிணற்றுக்கும் சம்பந்தமில்லை என்று ஐந்து பேருமே சொல்ல முடிந்தது. ஐந்தையும் சேர்த்து நிறுத்தச் சொன்னபோது, பயிர் காயும் நேரத்தில் விளையாட்டா என்றார்கள். இரவில் ஊறுகிறதே என்றால், இரவில் எந்தக் கிணறுதான் ஊறாது என்றார்கள்.

அப்துல் சுபானின் புளி மண்டியில் ஜன்னல்களுக்குச் சாக்கு கட்டி இருட்டாக்கினார்கள். பத்தரை மணிக்கு ஊரே உள்ளே இருந்தது. செல்லம்மாள் மட்டும் வரவில்லை. அவளை ஊர்க் கிணற்றடியில் நிறுத்தி, குடம் தண்ணீரைத் தொடும்போது சேந்துகயிறு கைப்பிடிச் சுவரில் படும் இடத்தில் சிவப்புத் துணி முடிந்து வைத்திருந்தாள் தீர்த்தம்மாள்.

முதலில் யானைகளைப் பற்றிய சிறு படம். குழியில் விழுந்த குட்டியைத் தாய் தும்பிக்கையால் இழுக்கும்போது வெளிச்சம் மங்கியது. விவரிப்பவரின் குரல் எருமை கத்துவதுபோல் இழுத்தது. மண்டி சிரித்தது. நசீருதீன் வோல்டேஜ் மீட்டரைக் காட்டினார். முள் நூற்றைம்பதில் கிடந்தது.

"இதுக்கு மேல ஓட்டுனா புரொஜெக்டர் போயிடுங்க. மோட்டார நிறுத்துனாதான் படம்."

"நாலு பேரு நிறுத்தட்டும், என்னது ஓடட்டும்," என்றார் காளியப்பன். அவருடையதுதான் ஏழரைக் குதிரைத்திறன் மோட்டார்.

முன் வரிசையிலிருந்து அவர் மனைவி காவேரி திரும்பினாள். "போய் நிறுத்திட்டு வாங்க. குட்டி மேல ஏறுச்சா இல்லயான்னு தெரியாம நான் வூட்டுக்கு வர்றதா இல்ல."

"சோறு கெடைக்காது காளியப்பா, போயிடு," என்று யாரோ சொன்னார்கள். ஐந்து பேரும் எழுந்து போனார்கள்.

குட்டி மேலேறியது. அடுத்து வந்தது, ஆந்திராவில் ஒரு ஊர் தண்ணீரை முறைவைத்துப் பகிர்ந்துகொண்ட கதை. மரத்தடியில் கூடி, யாருக்கு எந்த நேரம் என்று அவர்கள் தீர்மானித்தார்கள்.

படம் முடிந்ததும் காளியப்பன் துண்டை உதறினார். "அது அந்த ஊரு மண்ணு. இங்க அடியில பாறை. ஒரு கிணத்துத் தண்ணி இன்னொன்னுக்குப் போகாது."

"செல்லம்மா என்ன சொல்றான்னு கேப்போம் வாங்கண்ணா," என்றாள் தீர்த்தம்மாள்.

மோட்டார்கள் நின்று ஒன்றரை மணி நேரமாகியிருந்தது. செல்லம்மாள் கயிற்றை இறக்கிக் காட்டினாள். சிவப்பு முடிச்சு கைப்பிடிச் சுவரைத் தாண்டவே இல்லை. அதற்கு இரண்டு முழம் முன்பே குடம் தண்ணீரைத் தொட்டது. காளியப்பன் அவளிடமிருந்து கயிற்றை வாங்கித் தானே இறக்கினார். மறுபடியும் இறக்கினார்.

"ஒத்த ஒத்தையா நிறுத்திப் பாத்தது நம்ம தப்பு," என்றார் குப்புராஜிடம். பிறகு தீர்த்தம்மாளைப் பார்த்தார். "இதுக்காடி இந்த யானையெல்லாம் கூட்டியாந்த?"

"யானைக்குத்தான நீங்க எந்திரிச்சீங்க?"

"நாளைல இருந்து பத்துலருந்து பன்னெண்டு. அஞ்சும் நிக்கும். ஒரு வாரம் பாப்போம்."

அடுத்த ஞாயிறு நசீருதீன் வந்தபோது மணி பதினொன்று. புரொஜெக்டரை இணைத்தார். முள் இருநூற்றிருபதில் நின்றது. மீட்டர் கெட்டுவிட்டதோ என்று தட்டிப் பார்த்தார்.

"கெடல பாய்," என்றாள் தீர்த்தம்மாள். "அந்த யானைப் படத்தயே போடுங்க. செல்லம்மா இன்னும் பாக்கல."