முன்சக்கரம் பிடிக்கவில்லை

அண்ணன் அந்த டிராக்டரைத் தங்கையிடம் ஒப்படைத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. அவர் பதினோரு வருடம் ஓட்டிய வண்டி. முதுகுவலி தாங்க முடியாமல் சிமெண்ட் கிடங்கு ஒன்றில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போனபோது, வெளியாளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை என்று சொல்லிச் சாவியைத் தங்கையின் கையில் வைத்தார். அவளும் பழைய டிராக்டர் ஒன்றை வைத்து வாடகைக்கு உழவும் லோடும் ஓட்டி வந்தவள்தான். எல்லோருக்கும் அவள் கியரக்கா. அவள் கியர் மாற்றினால் வண்டிக்கே தெரியாது என்று அவள் கணவன் தன் தையல் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்ததில் ஒட்டிக்கொண்ட பெயர் அது.

அண்ணனின் வண்டி நான்கு சக்கரமும் இழுக்கிற ரகம். சீட்டுக்கு இடப்பக்கம் கீழே குட்டையாக ஒரு லீவர் இருக்கும். அதைத் தள்ளினால் முன்சக்கரங்களுக்கும் இன்ஜினின் சக்தி போகும். எதிரே ஒரு மஞ்சள் விளக்கு எரியும். சாவி கொடுத்த அன்று அண்ணன் மற்றதையெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு, இந்த லீவரைப் பற்றி மட்டும் அரைமணி நேரம் பேசினார். தார் ரோட்டில் போடக் கூடாது, முன் டயர் மொட்டையாகிவிடும். சேற்றில் இறங்கப் போகிறாய் என்றால் பின்சக்கரம் வெறுமனே சுற்றத் தொடங்குவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும். காய்ந்த நிலத்தில் அதைத் தொடவே வேண்டாம். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். இரண்டு மாதமும் வேலை காய்ந்த நிலத்திலேயே அமைந்ததால், லீவரைத் தொடும் அவசியம் அவளுக்கு வரவில்லை.

இறக்கத்தைப் பற்றி அண்ணன் வாயே திறக்கவில்லை. அதை அவள் மெக்கானிக்கிடம் கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தாள். டிராக்டருக்குப் பிரேக் பின்சக்கரத்தில் மட்டும்தான், லோடோடு இறங்கும்போது லீவரைப் போட்டால் முன்சக்கரமும் சேர்ந்து பிடித்துக்கொள்ளும், பாதிப் பேர் அது ஏறுவதற்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவர் ஒருமுறை அலுத்துக்கொண்டது அவள் மனதில் பதிந்திருந்தது.

மழை பெய்து ஓய்ந்த ஒரு காலை, மேட்டுத் தோட்டத்திலிருந்து நாற்பது மூட்டை உருளைக்கிழங்கை இறக்க வேண்டியிருந்தது. மண் பாதை. ஒரு பக்கம் மண்சரிவும் வாய்க்காலும், மறுபக்கம் பள்ளம். மூட்டைகளைப் பிடித்துக்கொள்கிறேன் என்று கணவன் டிரெய்லரின் மேல் ஏறி உட்கார்ந்தான். அதில் உட்காரக் கூடாது என்று அவள் எத்தனையோ தடவை சொல்லியாகிவிட்டது. அன்றும் சொன்னாள். அவன் கேட்கவில்லை, அவளும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

பாதை சரியத் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்தினாள். இடது, வலது பின்சக்கரங்களுக்குத் தனித்தனியாக இருக்கும் இரண்டு பிரேக் பெடலையும் ஒன்றாகச் சேர்த்துப் பூட்டினாள். முதல் கியர் போட்டாள். லீவரைத் தள்ளினாள். மஞ்சள் விளக்கு எரிந்தது. விளக்கைப் பார்த்த பிறகுதான் வண்டியை விட்டாள்.

இருபது அடி ஒழுங்காக இறங்கியது. அப்புறம் பின்பாரம் தள்ள ஆரம்பித்தது. இன்ஜின் இழுத்துப் பிடிப்பதையும் மீறி வண்டி வழுக்கியது. அவள் பிரேக்கில் மெல்லக் கால் வைத்தாள். பின்சக்கரங்கள் இரண்டும் அப்படியே நின்றுபோய், சேற்றில் பலகை மாதிரிச் சறுக்கின. முன்சக்கரங்களோ தங்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்பது போல் சுகமாக உருண்டுகொண்டிருந்தன. அவள் கண்ணாலேயே பார்த்தாள். விளக்கு எரிகிறது, முன்சக்கரம் பிடிக்கவில்லை. டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி டிராக்டரின் பின்புறத்தைப் பள்ளத்தின் பக்கம் தள்ளியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்து, வருவது வரட்டும் என்று ஸ்டியரிங்கை மண்சரிவை நோக்கி ஒடித்தாள்.

முன்சக்கரம் வாய்க்காலில் விழுந்து, வண்டி மண்ணில் மோதி நின்றது. இன்ஜின் அணைந்தது. மூட்டைகள் உருண்டு விழும் சத்தம் மட்டும் சிறிது நேரம் கேட்டது.

கணவன் வாய்க்காலுக்குள் கிடந்தான். மூட்டைகள் அவனைத் தாண்டி விழுந்திருந்தன. அவள் ஓடிப்போய் அவன் முகத்தைத் தூக்கியபோது கண் திறந்து பார்த்தான்.

"உயிரோடதான் இருக்கேன். தோளைத் தொடாதே."

காறை எலும்பு உடைந்திருந்தது. தோட்டத்துச் சொந்தக்காரர் தன் வேனில் அவனை ஏற்றினார். வேன் கிளம்பத் தயாராகும்போது அவள் திரும்பி டிராக்டரிடம் போனாள். ஏன் போனாள் என்று பிற்பாடு அவளுக்கே சொல்லத் தெரியவில்லை. சேற்றில் படுத்து அடியில் பார்த்தாள். கியர் பெட்டியிலிருந்து முன் அச்சுக்கு நீளமாக ஒரு இரும்புத் தண்டு போக வேண்டும். அது அங்கே இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெளிச்சம் தெரிந்தது. முன் அச்சின் வாயில் ஒரு சாக்குத் துணியைச் சுற்றிக் கம்பியால் கட்டியிருந்தது. கம்பி துருப்பிடித்திருந்தது.

மருத்துவமனை வராந்தாவிலிருந்து அண்ணனுக்குப் போன் செய்தாள். மச்சான் ஆஸ்பத்திரியில் என்றதும், என்ன ஆயிற்று என்று அவர் பதறிக் கேட்டார். அவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, தண்டு எங்கே என்று கேட்டாள்.

"ஷெட்டுல இருக்கு," என்றார் அண்ணன். "உர மூட்டைக்குப் பின்னாடி."

அவள் போனை வைத்தாள்.

மறுநாள் அவர் தண்டைத் தோளில் சுமந்துகொண்டு மெக்கானிக் கடைக்கு வந்தார். நான்கு வருடத்துக்கு முன்பு அதன் மூட்டு உடைந்து கடகடவென்று சத்தம் வந்ததாம். கழற்றி வைத்தாராம். காய்ந்த நிலத்தில் வேலை நடந்துகொண்டே இருந்ததால் சரிசெய்வது நாளை, நாளை என்று தள்ளிப்போனதாம். லீவர் அதன்பாட்டுக்கு வேலை செய்யும், விளக்கு லீவரோடு சேர்ந்தது, அது எரியும் என்று மெக்கானிக் விளக்கினார்.

தங்கை கோபப்படவில்லை. கோபப்படுகிற நிலைக்கு அவள் இன்னும் வரவில்லை.

"இல்லாத ஒண்ணை எப்போ போடணும், எப்போ போடக் கூடாதுன்னு எனக்கு அரைமணி நேரம் சொன்னியே அண்ணா."

"சொல்றப்போ அது இருக்குன்னுதாம்மா நினைச்சேன். சத்தியமா. எல்லாருக்கும் சொல்லிச் சொல்லி வாயில பழகிப்போச்சு."

இதை நம்புவதா வேண்டாமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மெக்கானிக் தலையை நிமிர்த்தாமலே, அந்த மேட்டுப் பாதையில் நீங்கள் இறங்கியதே இல்லையா என்று அவரைக் கேட்டார். இறங்கியிருக்கிறேன், இறங்குவதற்கு அது எதற்கு, இழுக்கத்தானே வேண்டும் என்றார் அண்ணன். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, எதற்கு என்று சொன்னார். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு பழைய டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என் பசங்க ரெண்டு பேரையும் மூட்டை மேல உக்கார வச்சுக்கிட்டு இறங்கியிருக்கேன்," என்றார். "ஒரு தடவை இல்ல. மழையிலயும்."

அவள் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

கணவன் ஆறு வாரம் தையல் மெஷினைத் தொடக் கூடாது என்றார் டாக்டர். அண்ணன் விடுமுறை நாளெல்லாம் கடைக்கு வந்து பொத்தான் தைத்தார். கழற்றிய பொத்தானை எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடாதீர்கள் மச்சான் என்று அவன் கேலி செய்ய, அவர் சிரிக்காமல் தலையைக் குனிந்துகொண்டார்.

தண்டு மாட்டி இருபது நாள் கழித்து மறுபடியும் அந்தப் பாதைக்கு லோடு வந்தது. முந்தின நாள் மழை. அண்ணன் தானும் வருவதாகச் சொன்னார். வண்டியில் யாரையும் ஏற்ற மாட்டேன், வேண்டுமானால் நடந்து வா என்றாள். லீவரைப் போட்டாள். விளக்கை அவள் பார்க்கவில்லை. முன்சக்கரத்தையே பார்த்துக்கொண்டு வண்டியை விட்டாள். முன் டயரின் ரப்பர்க் கட்டைகள் சேற்றைக் கடித்துக் கடித்து இறங்கின. பாரம் தள்ளியது, வண்டி தாங்கிப் பிடித்தது. வாய்க்காலில் விழுந்த இடத்தைத் தாண்டும்போது பிரேக்கை லேசாகத் தொட்டாள். நான்கு சக்கரமும் ஒன்றாகத் தயங்கின.

கீழே சமதரை வந்ததும் வண்டியை நிறுத்திவிட்டாள். கணவனுக்கு எலும்பு கட்டிய அன்றுகூட அழாதவள், ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். பின்னால் நடந்து வந்த அண்ணன் பத்தடி தள்ளியே நின்று, அவள் முடிக்கும்வரை காத்திருந்தார்.