ராக்காயியின் ரத்தத்தில் நூறு அணு

இருபத்திரண்டு வருடமாக எஸ்டேட் டிஸ்பென்சரியில் ரத்தம் பார்க்கிறவன் நான். மாரீஸ்வரன் எண்ணினால் தப்பாது என்று குமுளி வரைக்கும் பேச்சு உண்டு. அந்தப் பேச்சைப் பரப்பியவர்களில் நானும் ஒருவன். ஆகவே என் வண்டவாளத்தையும் நானே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டில் ராக்காயி என்று ஒரு கறுப்பு முயல் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. நான்கு வருடத்துக்கு முன்னால் அதை உள்ளங்கையளவு குட்டியாக வாங்கி வந்தாள் என் மனைவி சிவசங்கரி. தேயிலை ஃபேக்டரியில் வேலை முடிந்து வந்ததும் முதலில் அதற்குப் புல் வைப்பாள், அப்புறம்தான் எனக்குக் காப்பி. அதில் எனக்கு வருத்தமே கிடையாது என்று சொன்னால் அது பொய்.

போன ஆனி மாதம் ராக்காயி தீனியைக் குறைத்தது. புல்லை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்ளும். புழுக்கை சிறுத்துப்போனது. மற்றபடி ஓட்டத்துக்கும் துள்ளலுக்கும் குறைவில்லை.

"இதுக்கு உள்ள என்னமோ செய்யுது. ஊருக்கெல்லாம் ரத்தம் பாக்கீகள்ல, இதுக்கும் பாருங்க" என்றாள்.

டிஸ்பென்சரி மெஷினில் முயல் ரத்தத்தை விட்டால் கம்பவுண்டர் ஊரைக் கூட்டிவிடுவார். அதனால் காதோரத்தில் மெல்லிய ஊசியால் குத்தி ஒரே ஒரு துளி எடுத்தேன். கண்ணாடித் தகட்டில் தேய்த்து, சாயம் ஏற்றி, சாப்பாட்டு நேரத்தில் மைக்ராஸ்கோப்பில் வைத்து வெள்ளை அணுக்களை வகை பிரித்து நூறு வரை எண்ணினேன். அதில் எழுபத்தெட்டு அணுக்கள் உள்ளே இளஞ்சிவப்பு மணி மணியாக நிறைந்து கிடந்தன.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிவப்பு மணிகளை எனக்கா தெரியாது? ஈசினோபில், அலர்ஜிக்கு ஏறுகிற வெள்ளை அணு. தேயிலைத் தூசியையும் பனியையும் தின்று வாழ்கிற எங்கள் எஸ்டேட்டில் அது ஏறாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். வயிற்றில் பூச்சி இருந்தாலும் ஏறும்.

"உனக்கு இருக்கதுதான் உன் மகளுக்கும் இருக்கு. பூச்சி மருந்து ஒரு சொட்டு குடுத்தா சரியாப் போயிரும்" என்றேன். அவளுக்கு முகமெல்லாம் சிரிப்பு. எனக்கு முட்டை பொரித்துக் கொடுத்தாள்.

நான்காம் நாள் ராக்காயி கொத்தமல்லித் தழையைக்கூடத் தொடவில்லை. மூலையில் ஒடுங்கிப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது. சிவசங்கரி ஃபேக்டரிக்கு லீவு சொல்லிவிட்டு, அதைத் துண்டில் சுற்றிக் கூடையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினாள். நானும் கூடவே ஓடினேன்.

குமுளியில் பிராணிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டாக்டர் கௌசிகாவுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சொந்த ஊர். எண்ணிக்கை எழுதிய என் சீட்டையும் கண்ணாடித் தகட்டையும் கெத்தாக மேஜைமேல் வைத்தேன். தகட்டைத் தன் மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"ஏனுங்க, இதை யாருங்க எண்ணுனது?"

"நான்தான். இருபத்திரண்டு வருச சர்வீஸ்."

"எண்ணிக்கை சுத்தமுங்க. பேருதான் தப்பா எழுதிப்போட்டீங்க. இது ஈசினோபில் இல்லீங்க. கிருமியோட சண்டை போடுற அணு மனுசனுக்கு வெளுப்பா இருக்குமுங்க. முயலுக்கு அதே அணு சிவப்பு மணி போட்டுட்டு நிக்குமுங்க. நல்லா இருக்குற முயலுக்கு இத்தனை இருக்காது. எழுவத்தெட்டுன்னா உள்ள எங்கியோ சீழ் கட்டீருக்குதுங்க."

சமாளிக்க வேண்டுமே என்று, "டிஸ்பென்சரியில உடம்புக்குள்ள அழற்சி இருந்தாக் காட்டுற சிஆர்பி கிட்டு இருக்கு, அதுலயும் பாத்துரவா?" என்றேன்.

"அது மனுசனுக்குச் செஞ்சதுங்க, முயலுக்கு நம்ப முடியாதுங்க. முயலு நோவை வெளிய காட்டாது. மொத்த வெள்ளை அணுகூட ஏறாம இருக்குமுங்க. இந்த விகிதம்தான் காட்டிக் குடுக்கும்."

பேசிக்கொண்டே ராக்காயியின் தாடையைத் தடவிக்கொண்டு வந்தவர் இடது பக்கம் நிறுத்தினார். ரோமத்துக்கடியில் பட்டாணியளவு வீக்கம். எக்ஸ்ரேயில் பல்லின் வேரடியில் சீழ் தெரிந்தது.

சிவசங்கரி என்னைப் பார்த்தாள். "நாலு நாளு" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை.

அன்று மத்தியானமே ஆபரேஷன். வெளியே உட்கார்ந்து, கம்பத்துக்கு இறங்குகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பேர் கெட்டுப் போனால் போகட்டும், இந்த உயிர் மட்டும் பிழைக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். நான் அப்படி வேண்டிக்கொள்கிற ஆள் இல்லை.

டாக்டர் வெளியே வந்தார். "பல்லை எடுத்துச் சீழைச் சுத்தம் பண்ணியாச்சுங்க. எலும்பு தப்பிச்சுருச்சு." பிறகு என்னிடம், சிவசங்கரி காதில் விழும்படியாகவே சொன்னார். "நீங்க எண்ணுன அந்த எழுவத்தெட்டு இல்லீன்னா, வயித்துக் கோளாறுன்னு மருந்து குடுத்து அனுப்பீருப்பனுங்க. ரெண்டு வாரங் கழிச்சு நீங்களே எண்ணிக் கொண்டாங்க. நான் அதைத்தான் நம்புவேன்."

என்னை நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த அம்மாள் என் மானத்தைத் திருப்பிக் கொடுத்தார். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

இரண்டு வாரமும் சிவசங்கரி புல்லைக் கூழாக அரைத்து, ஊசியில்லாத சிரிஞ்சில் வேளை தவறாமல் புகட்டினாள். நான் மருந்து நேரம் பார்த்துச் சொல்வேன், அவள் தலையாட்டுவாள். ராக்காயிக்குப் புல் வைத்து வெகுநேரம் ஆன பிறகு டம்ளர் ஒன்று என் முன்னால் 'ணங்'கென்று வந்து உட்காரும். அதுதான் என் காப்பி.

பதினைந்தாம் நாள் மறுபடி ஒரு துளி எடுத்தேன். ஒரு தடவைக்கு மூன்று தடவை எண்ணிவிட்டு, மழையில் நனைந்துகொண்டே வீட்டுக்கு ஓடினேன். அவள் ராக்காயியை மடியில் வைத்திருந்தாள். சீட்டை நீட்டினேன். அவள் வாங்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள்.

"எத்தனை?"

"நாப்பத்தொண்ணு."

"அப்ப இறங்கிருச்சா?"

"இறங்கிருச்சு சங்கரி. பிழைச்சுக்கிட்டா."

ராக்காயியின் தலையில் முகத்தைப் புதைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீங்க எண்ணுனா தப்பாது" என்று சொல்லிவிட்டு, முயலை என் மடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

குமுளி இருக்கிற திசையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். அன்றைக்கு முதலில் காப்பி வந்தது. புல் அதற்கப்புறம்தான்.