வெள்ளிக்கிழமைப் பெட்டி

கொஞ்ச மாசம் முன்னாடி டீச்சர்ங்க குரூப்ல நான் ஒரு போட்டோ போட்டேன். உங்கள்ல நிறைய பேர் அதைப் பார்த்து கைதட்டுற பொம்மை அனுப்பினீங்க. அந்தப் போட்டோவுக்குப் பின்னாடி என்ன நடந்ததுன்னு இப்ப சொல்றேன். எனக்கு அழகா எழுத வராது, நடந்ததை நடந்தபடி சொல்றேன்.

நான் நாலாம் கிளாஸ் டீச்சர். இருபத்திரெண்டு வருஷமா இதான் வேலை. ஒரு பழைய செருப்புப் பெட்டிக்கு காலண்டர் தாள் ஒட்டி, மேல வாய் வெட்டி, ஜன்னல் ஓரமா வெச்சேன். மனசுல என்ன கேள்வி இருந்தாலும் பேர் போடாம எழுதிப் போடலாம். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட்ல திறப்போம். நான் படிப்பேன், பிள்ளைங்களே பதில் சொல்லுவாங்க. "பல்லிக்கு வலிக்குமா", "டீச்சரை வீட்ல யார் திட்டுவாங்க", இப்படி வரும். சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும். நடுவுல ஒண்ணு ரெண்டு நெஞ்சைப் புடிக்கும்.

ஒரு வெள்ளிக்கிழமை வந்த சீட்டு இது: "அப்பாவுக்கு வேலை போயிடுச்சு. யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க. அப்பா தினமும் பையை எடுத்துட்டு வெளிய போறாரு. அத்தை கேட்டா வேலைக்குப் போறாருன்னு சொல்றேன். இது பொய்யா?"

ஒரு பையன் மெதுவா சொன்னான், "அது பொய் இல்ல டீச்சர். அப்பாவைப் பத்திரமா வெச்சுக்கிறது."

எனக்குக் கண் கலங்கிப் போச்சு. இதை எல்லா டீச்சருக்கும் காட்டணும்னு தோணுச்சு. பிள்ளைங்க போனதும் நல்ல சீட்டா பத்து எடுத்து மேஜை மேல பரப்பி, பெட்டியை நடுவுல வெச்சு போட்டோ எடுத்தேன். பேர் எங்கயும் இல்ல, அதனால தப்பில்லன்னு நினைச்சேன். நாம எல்லாரும் அப்படித்தானே நினைக்கிறோம்? சார்ட் முடிஞ்சா போட்டோ, பொம்மை செஞ்சா போட்டோ.

நாலு நாள்ல அது எங்கெங்கயோ சுத்தி, இன்னொரு ஊர் ஸ்கூல்ல வேலை பார்க்குற ஒரு டீச்சர் கைக்குப் போச்சு. அவங்கதான் அந்த அத்தை. அந்தப் பிள்ளைக்குக் கையைப் புடிச்சு எழுத்துப் பழக்கினதே அவங்கதான். புள்ளி வைக்காம குட்டிக் குட்டியா வட்டம் போடுற பழக்கம் பார்த்ததுமே தெரிஞ்சு போச்சு. உடனே தம்பிக்குப் போன்.

மறுநாள் காலைல அந்தப் பிள்ளையோட அம்மா கிளாஸ் வாசல்லயே வந்து நின்னாங்க. கத்தல. கத்தியிருந்தா தேவலை.

"டீச்சர், உள்ள போடுறதுக்குத்தானே பெட்டி? நீங்க ஏன் வெளிய எடுத்தீங்க?"

அந்தப் பிள்ளைக்கு கிளாஸ்ல பேரே ரேடியோதான். வாய் ஓயாது. அன்னைலருந்து ஒரு வார்த்தை பேசல. ஆஜர் எடுக்கும்போது கையை மட்டும் தூக்கும். "என்ன ரேடியோ, பேட்டரி தீர்ந்துடுச்சா?"ன்னு விஷயம் தெரியாம கணக்கு டீச்சர் கேட்டாங்க. யாரும் சிரிக்கல.

அந்த வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். வழக்கம்போல நிறைய சீட்டு. ஒண்ணைப் பிரிச்சேன், வெறும் தாள். இன்னொண்ணு, அதுவும் வெறும் தாள். எல்லாமே. முப்பது பிள்ளைங்களும் என்னையே பார்த்துட்டு இருந்தாங்க. பேசி வெச்சுக்கிட்டுதான் செஞ்சிருக்காங்க.

சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போனேன். அப்பா சட்டை பட்டனைப் போட்டுக்கிட்டே வந்தாரு. பிரஸ்ல மெஷின் ஓட்டினவரு, நகத்துல இன்னும் மை இருந்தது. அந்தப் பொண்ணு உள் ரூம்ல கதவோரமா நின்னுச்சு.

"மன்னிச்சிடுங்க"ன்னேன்.

"அக்கா அழுதாங்க, அவ்வளவுதான். தெரிஞ்சது ஒரு வகைல நல்லது, பையைத் தூக்கிட்டு பார்க்ல போய் உக்காரத் தேவையில்ல" அப்படின்னு சிரிக்கப் பார்த்தாரு. அப்புறம் குரலைக் குறைச்சுக்கிட்டாரு. "ஆனா இவ என் முகத்தைப் பார்க்க மாட்டேங்குறா டீச்சர். அப்பாவைக் காட்டிக் குடுத்துட்டேன்னு நினைக்குறா. எனக்கு இன்னைக்கு இல்லாட்டி நாளைக்கு வேலை கிடைச்சிரும். இவளுக்கு வாய் திரும்பக் கிடைக்குமா?"

திங்கட்கிழமை போர்டுக்கு முன்னாடி நின்னு பிள்ளைங்ககிட்ட சொன்னேன். "காட்டிக் குடுத்தது நான்தான். சீட்டு எழுதினவங்க மேல ஒரு தப்பும் இல்ல. போட்டோவை அழிச்சுட்டேன். ஆனா போனது போனதுதான், எல்லார் போன்லருந்தும் என்னால அழிக்க முடியாது. பெட்டியை என்ன பண்ணலாம்னு நீங்களே சொல்லுங்க. தூக்கிப் போடச் சொன்னாலும் போட்டுடறேன்."

மூணாவது பெஞ்சுலருந்து ஒரு குரல் வந்தது. அஞ்சாறு நாளா தண்ணி வராத குழாய் மாதிரி கரகரன்னு.

"பெட்டி இருக்கட்டும். நீங்க வெளிய இருங்க."

ரேடியோதான்.

அதுலருந்து சட்டம் இதுதான். வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் சீட்டை பிள்ளைங்களே படிப்பாங்க, படிச்சதும் கிழிச்சிடுவாங்க. போனை ஆபீஸ் ரூம்ல வெச்சுட்டு, நான் வராண்டால குப்பைக் கூடையோட நிப்பேன். கதவு சாத்தியிருக்கும். சில நாள் சிரிப்பு கேக்கும். சில நாள் ஒரு சத்தமும் இருக்காது, அப்ப காது தானா கதவுப் பக்கம் போகும். நாலு அடி தள்ளிப் போய் நின்னுக்குவேன். இருபத்திரெண்டு வருஷத்துல என் கிளாஸுக்கு வெளிய நானே நின்னது இதான் முதல் தடவை. வலிக்கத்தான் செய்யுது.

பெட்டி ஐடியா நல்ல ஐடியாதான், தாராளமா எடுத்துக்கோங்க. போட்டோ மட்டும் வேண்டாம்.

போன வெள்ளிக்கிழமை கதவு திறந்தது. ரேடியோ ரெண்டு கை நிறைய கிழிச்ச துண்டோட வந்துச்சு. எல்லாம் பொடிப்பொடியா, ஆனா ஒரு துண்டுல குட்டி வட்டம் தெரிஞ்சது. நான் முகத்தைத் திருப்பிக்கிட்டேன்.

"பார்த்தீங்களா டீச்சர்?"

"வட்டம் தெரிஞ்சது. எழுத்து தெரியல."

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துச்சு. அப்புறம் அந்தத் துண்டை எடுத்து இன்னும் ரெண்டா கிழிச்சு கூடைல போட்டுச்சு.

"கூடைய நல்லா புடிங்க டீச்சர். காத்து அடிக்குது."

ரெண்டு கையாலயும் புடிச்சுக்கிட்டேன்.