தாண்டுவதற்கு ஒரு ஆள்

முதல் கட்டையிலேயே குளம்பு டக்கென்று இடித்தது. இரண்டாவதிலும் இடித்தது. மூன்றாவதை ஓரமாக உருட்டிவிட்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி குதிரை சீமாட்டி போய் நின்றுகொண்டது. பஸ்ஸக்கா பெருமூச்சு விட்டுக்கொண்டு சேணத்திலிருந்து இறங்கினாள். கூட ஒரு ஆள் இருந்தால் உருண்ட கட்டையை அவர் எடுத்து வைப்பார், மேலே இருப்பவர் ஜம்மென்று உட்கார்ந்திருக்கலாம். தனியாகக் குதிரை ஓட்டுகிறவளுக்கு அந்தக் கொடுப்பினை ஏது? கட்டையைச் சரிசெய்ய வேண்டும், குதிரையைக் கவிழ்த்துப் போட்ட பழப்பெட்டிப் பக்கம் நடத்திப் போக வேண்டும், பெட்டிமேல் ஏறி அங்கிருந்து சேணத்தில் ஏற வேண்டும். அவள் பெட்டிமேல் ஏறி ஒரு காலைத் தூக்கும்வரை சும்மா இருந்துவிட்டு, சரியாக அந்த நேரம் பார்த்து சீமாட்டி ஒரு அடி தள்ளி நிற்கும். பிறகு முதலிலிருந்து எல்லாம் ஆரம்பம்.

பள்ளிக்கூடப் பஸ் ஓட்டுகிறவள் என்பதால் பிள்ளைகள் வைத்த பேர் பஸ்ஸக்கா. அது ஊருக்கே ஒட்டிக்கொண்டுவிட்டது, கட்டின புருஷன்கூடச் சில நேரம் அப்படித்தான் கூப்பிடுவார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டதிலிருந்து, பள்ளி முடிந்து திரும்ப ஏற்றுகிறவரை கிடைக்கும் நேரம் முழுக்க அவளுக்கு இங்கேதான். மரக்கடைக்குப் பின்னால் வாடகைக்கு எடுத்த மணல் மைதானம், சுற்றிலும் வேலி, ஓரத்தில் ஒரு கொட்டகை, கொட்டகையில் பழுப்பு நிறச் சீமாட்டி. மஞ்சள் பஸ் வெளியே மரத்தடியில் நிற்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவள் ஃபோனை எடுக்க மாட்டாள்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு குதிரைப் பள்ளியில் லாயம் கூட்டுகிற வேலை பார்த்தாள். ஓட்டக் கற்றுக்கொண்டதும் அங்கேதான். தரையில் கட்டைகளை வரிசையாகப் போட்டு அதன்மேல் குதிரையை ஓட்டுகிற பயிற்சி அப்போது பழகியது. குதிரையின் ஒரு பாய்ச்சலுக்கு மனுஷர் நாலு எட்டு வைக்க வேண்டும், கட்டைக்குக் கட்டை அதுதான் இடைவெளி. அளவுகோல் எதுவும் வேண்டாம், கால் இருந்தால் போதும். வரிசை முடிகிற இடத்தில் இரண்டு நிறுத்துக் கம்பங்கள் இருக்கும். அவற்றில் கீழிருந்து மேல்வரை துளைகள், துளையில் கொக்கி, கொக்கியில் குறுக்குக்கட்டை. அதைத் தாண்டுவதற்குத்தான் இத்தனை பாடும்.

அந்தக் குறுக்குக்கட்டையில்தான் முந்தின வருஷம் விழுந்தாள். தோள்பட்டை எலும்பு முறிந்து, மணலில் மல்லாந்து, வானத்தைப் பார்த்தபடி கிடந்தாள். கத்தியும் மரக்கடை ரம்பச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. சீமாட்டி மட்டும் பக்கத்தில் வந்து நின்று அவள் தலைமயிரை மோந்துகொண்டிருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலருகே அவள் புருஷன் ஒரே ஒரு சத்தியம்தான் கேட்டார். "ஓட்டிக்கோ, வேணாம்னு சொல்லல. ஆனா தனியா இருக்கறப்ப தாண்டாத. கூட ஒரு ஆள் இருந்தா மட்டும் தாண்டு." சத்தியம் செய்துகொடுத்தாள். ஆளுக்கு எங்கே போவது? அவருக்கோ சலூன், தவிர குதிரை என்றாலே வேலிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர். அதனால் தரைக்கட்டை மட்டும் பழகினாள். குறுக்குக்கட்டை அடித்துளையிலேயே கிடந்து, அவள் ஸ்வெட்டரை மாட்டுகிற கொடியாகிப் போனது.

நேர்ந்தது என்னவென்றால், எலும்பு கூடி அவள் திரும்ப ஏறினதிலிருந்து சீமாட்டி கட்டைகளை இடிக்க ஆரம்பித்தது. ஒரு நாள் இரண்டு நாள் இல்லை, ஒவ்வொரு நாளும். முன்பு பூப்போல எடுத்து வைத்த கால்கள். லாடம் மாற்றிப் பார்த்தாள், டாக்டரைக் கூட்டிவந்து காட்டினாள். கால் நன்றாக இருக்கிறது, வயசுதான் ஏறுகிறது என்று சொல்லிவிட்டுப் போனார். தரையில் கிடக்கிற கட்டையிலேயே தடுக்குகிற குதிரை ஒரு நாள் தன்னையும் கவிழ்த்துவிடும் என்று அவளுக்கு உள்ளுக்குள் உதறல். கடைசியில் அவளே வாயைத் திறந்து, சீமாட்டியை அனுப்பிவிடலாம் என்று புருஷனிடம் சொன்னாள். டாக்டருக்குத் தெரிந்தவரிடம் பெரிய புல்வெளி இருந்தது, வயசான குதிரைகள் அங்கே சும்மா மேயலாம். தூரம்தான், போனால் வாரம் ஒரு தரம்கூடப் பார்க்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை வண்டி வருவதாகப் பேசியாயிற்று.

இன்றைக்கு வெள்ளிக்கிழமை. கடைசியாக ஒரு தரம் ஒழுங்காக ஓட்டிவிடலாம் என்று ஆசைப்பட்டு வந்தால் இந்த லட்சணம். திரும்ப ஏறி ஓட்டினாள். இந்தத் தடவை எல்லாக் கட்டையும் இடிபட்டது. பஸ்ஸக்காவுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன. இறங்கி, கட்டைகளை அளக்காமல் கொள்ளாமல், எப்படியோ கிட என்று காலாலேயே அங்குமிங்கும் தள்ளிவிட்டாள். சேணத்தையும் கடிவாளத்தையும் கழற்றினாள்.

"போடி. உன் இஷ்டத்துக்குச் சுத்து. உனக்கும் எனக்கும் ஒரு வழியா தீர்ந்துச்சு" என்றாள். சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

சீமாட்டி முதலில் மணலில் புரண்டது, எழுந்து உடம்பை உதறியது, வாலைத் தூக்கிக்கொண்டு வேலியோரமாக ஒரு சுற்று ஓடியது. இரண்டாவது சுற்றில் கட்டை வரிசைக்குள் புகுந்தது. பஸ்ஸக்காவுக்குப் பகீரென்றது. ஆனால் இடிபடுகிற சத்தமே வரவில்லை. ஒரு பாய்ச்சல், இன்னொரு பாய்ச்சல், இன்னொன்று, எல்லாம் காற்றில். வரிசை முடிவில் ஸ்வெட்டர் தொங்கிக்கொண்டிருந்த குறுக்குக்கட்டையையும் சேர்த்துத் தாண்டிவிட்டு, மூக்கால் சீறிக்கொண்டு வந்து அவளெதிரே நின்றது. ஸ்வெட்டர்கூட ஆடவில்லை.

"அடி கள்ளி" என்றாள் பஸ்ஸக்கா.

ஓடிப்போய் கட்டைகளுக்கு நடுவே எட்டு வைத்துப் பார்த்தாள். நாலு எட்டு முடிந்துவிட்டது, அடுத்த கட்டை இன்னும் வரவில்லை. அடுத்த இடைவெளியிலும் அப்படித்தான். தன் காலால் தள்ளிவிட்ட கோணல் கட்டைகள் சரியாக இருக்கின்றன, தான் பார்த்துப் பார்த்து அளந்தவை நெருக்கமாக இருந்திருக்கின்றன என்றால் என்ன அர்த்தம்? திரும்பி மணலைப் பார்த்தாள். அவளுடைய காலடிகள் குழந்தை நடந்த மாதிரி ஒன்றையொன்று ஒட்டிக் கிடந்தன.

யோசிக்க யோசிக்க எல்லாம் விளங்கியது. விழுந்ததிலிருந்து அவள் தண்ணீர் தேங்கின இடத்தைத் தாண்டுவதில்லை, சுற்றிப் போகிறாள். பஸ் படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறாள். பயம் காலுக்குள் போய் உட்கார்ந்திருக்கிறது, இத்தனை நாள் அது அவளுக்கே தெரியவில்லை. தன் பயத்தால் கட்டைகளை அளந்து போட்டுவிட்டு, பாவம், நீள நீளமாகப் பாய்கிற பிராணியை அதற்குள் நெருக்கி, இடிக்கிறாய் என்று திட்டியும் இருக்கிறாள். வயசாகிவிட்டது என்று அனுப்பிவைக்கவும் பார்த்தாள். சீமாட்டியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அவள் வாய்விட்டுச் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தாள்.

அப்புறம் வேலையில் இறங்கினாள். சாக்கடையைத் தாண்டுகிறவள் மாதிரி காலை அகட்டி அகட்டி வைத்து, கட்டைகளைப் புதிதாக அளந்து போட்டாள். தொடை வலித்தது. சேணத்தை மாட்டினாள். ஸ்வெட்டரை எடுத்து வேலியில் போட்டாள். பழப்பெட்டிமேல் ஏறப்போனவள் நின்று, ஃபோனை எடுத்தாள். சத்தியம் சத்தியம்தானே.

"விழுந்துட்டியா?" என்றுதான் அவர் ஃபோனையே எடுத்தார்.

"விழல. இன்னும் ஏறவே இல்ல. கொஞ்சம் இங்க வாங்க."

"எதுக்கு?"

"தாண்டப் போறேன். ஆள் இருந்தா தாண்டுன்னு நீங்கதான சொன்னீங்க. அந்த ஆளா வாங்க."

"கஸ்டமர் பாதி முகத்தோட உக்காந்திருக்காரு" என்றார்.

"முழு முகமாக்கிட்டு வாங்க."

"அதுவரைக்கும் நீ சும்மா இருப்பியா? உன்ன எனக்குத் தெரியாதா. அப்படியே நில்லு."

ஸ்கூட்டர் வந்து நின்றபோது பின்சீட்டில் இன்னொருவரும் இருந்தார். கழுத்தில் வெள்ளைத் துணி, ஒரு கன்னம் பளபளவென்று, மறு கன்னத்தில் சோப்பு நுரை. "இந்தக் கோலத்துல நான் மட்டும் கடையில உக்காந்து என்ன பண்றது? அதான் நானும் வந்துட்டேன்" என்று வேலியில் சாய்ந்துகொண்டார். நெருங்கின சொந்தக்காரரை விசாரிக்க வந்தவர் போல, "குதிரை நல்லா இருக்குதா?" என்றும் கேட்டார்.

புருஷன் வேலிக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டார். "இங்கேர்ந்தே பாக்குறேன். இதுவும் ஆள் இருக்குற கணக்குதான்."

பஸ்ஸக்கா ஏறினாள். சீமாட்டி இந்தத் தடவை நகரவில்லை. மேலே உட்கார்ந்து பார்த்தபோது முழங்கால் உயரக் குறுக்குக்கட்டை ஆள் உயரத்துக்குத் தெரிந்தது. அன்றைக்குப் பார்த்த வானமும் மணலும் நினைவுக்கு வந்தன.

"பயமா இருக்கு" என்றாள் சத்தமாக.

"எனக்கும்தான். எறங்கிடு, வீட்டுக்குப் போலாம்."

"பயமா இருக்குன்னுதான சொன்னேன். எறங்குறேன்னா சொன்னேன்?"

குதிகாலால் லேசாக அழுத்தினாள். முதல் கட்டை வந்தது, போனது. அடுத்ததும் போனது. எதுவும் இடிபடவில்லை, குளம்புகள் மணலில் விழுகிற சத்தம் மட்டும்தான். கடைசிப் பாய்ச்சலில் சீமாட்டியின் முதுகு அவளுக்குக் கீழே உயர்ந்தது. அவள் பிடரிமயிரைப் பிடித்துக்கொண்டு, கண்ணைத் திறந்தே வைத்திருந்து, அந்தப் பக்கம் போய் இறங்கினாள். ஒரு நொடிதான். இத்தனை நாள் எதற்காக இங்கே வந்துகொண்டிருந்தாளோ, அது முழுக்க அந்த ஒரு நொடியில் இருந்தது. சந்தோஷம் தாங்காமல் குதிரைமேலேயே குனிந்து அதன் காதில் ஏதேதோ உளறினாள்.

நுரைக்காரர் கைதட்டினார். புருஷனுக்குத் தட்ட முடியவில்லை, இரண்டு கையும் வேலியை இறுக்கிப் பிடித்திருந்தன.

"ஞாயித்துக்கிழமை வண்டி?" என்று கேட்டார்.

"வர வேணாம்னு சொல்லிடுங்க. அளவு எடுத்ததுலதான் தப்பு. வயசெல்லாம் அதுக்கு ஆகல."

"உனக்கு?"

"எனக்கும் ஆகல."

அவர் அங்கேயே நின்று வண்டிக்காரருக்கு ஃபோன் செய்தார். பேசி முடித்து ஃபோனைப் பைக்குள் போட்டார். பிறகு, இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூடத் தொடாத அந்த வேலிக் கதவின் தாழ்ப்பாளை எடுத்தார். சீமாட்டி தலையைத் திருப்பியது. அவர் அப்படியே நின்றார். அது அசையவில்லை என்று தெரிந்ததும், கண்ணை அதன்மேலேயே வைத்துக்கொண்டு, வேலியோரமாகவே நடந்து நிறுத்துக் கம்பத்தருகே போய்ச் சேர்ந்தார். குனிந்து கொக்கியைத் தொட்டுப் பார்த்தார்.

"சார், அந்தப் பக்கத்த கொஞ்சம் புடிங்க" என்றார்.

நுரைக்காரர் கழுத்துத் துணி பறக்க உள்ளே ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தார். இருவரும் குறுக்குக்கட்டையைத் தூக்கினார்கள், ஒரு முனை ஏறியும் ஒரு முனை இறங்கியுமாக. காய்ந்த நுரை ஒரு துண்டு மணலில் விழுந்தது. அடுத்த துளை எங்கே என்று புருஷன் விரலால் தடவித் தேடினார். மைதானத்தின் கோடியில் சீமாட்டி இரண்டு காதுகளையும் முன்னால் நீட்டி, அந்தக் கட்டை ஏறுவதையே பார்த்துக்கொண்டு நின்றது.